யாருடைய ஆயுட்காலம்?

ஜெர்மானியச் சொகுசுக் கார்கள் பலவற்றில் பொருத்தப்படும் எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸைத் தயாரிப்பது இசட்.எஃப். என்னும் ஜெர்மானிய நிறுவனம். அதில் ஊற்றப்பட்டிருக்கும் ஆயிலை மாற்றத் தேவையில்லை, அது ‘ஆயுட்கால ஆயில்’ என்று கார் நிறுவனங்கள் சில சொல்லிவந்துள்ளன. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அந்த ஆயிலை மாற்றிவிடும்படி பரிந்துரைக்கிறது. பொருள் ஒன்று, ஆயில் ஒன்று, அறிவுரை இரண்டு. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லுக்கு இருவரும் கொள்ளும் பொருள் வேறு என்று பார்த்தால் முரண்பாடு மறைந்துவிடுகிறது. கியர்பாக்ஸைச் செய்தவருக்கு ஆயுள் என்பது பற்சக்கரங்கள் உழைக்கும் காலம். காரை விற்பவருக்கு அது முதல் உரிமையாளர் காரை வைத்திருக்கும் காலம்.

ஜெர்மானியக் காருக்குப் பராமரிப்புச் செலவு அதிகம், ஜப்பானியக் காருக்குக் குறைவு என்பது இன்று ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. அது தவறான கூற்றும் அன்று. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் வாகன நம்பகத்தன்மை ஆய்வில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலிடம் லெக்சஸுக்கே கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வு மூன்றாண்டு ஓடிய கார்களின் முதல் உரிமையாளர்களிடம் எடுக்கப்படுவது. கோளாறுகளை அது எண்ணுகிறது. அவற்றைச் சரிசெய்ய ஆகும் பணத்தை எண்ணுவதில்லை. செலவு கடுமையாகத் தொடங்கும் ஏழாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. தமிழ் இலக்கணத்தின் மொழியில் சொன்னால், ‘செலவு’ என்பது நான்காம் வேற்றுமையை எதிர்பார்த்து நிற்கும் சொல். யாருக்குச் செலவு என்று கேட்காத ஒப்பீடு பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் இடம் தேசியக் குணம். ஜெர்மானியர் நுட்பத்தில் மோகம் கொண்டவர்கள், ஜப்பானியர் ஒழுங்கில் ஊறியவர்கள், ஆகவே அவர்கள் கார்களும் அப்படி என்று கருத்தரங்குகளில்கூடச் சொல்லப்படுவதுண்டு. லெக்சஸின் வரலாறு இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1983இல் எய்ஜி டொயோடா தொடங்கிவைத்த திட்டத்தின் விளைவான எல்.எஸ். 400, 1989இல் அமெரிக்கச் சந்தைக்கென லெக்சஸ் என்ற புதுப் பெயரில் வந்தது. ஜப்பானில் அதே கார் டொயோட்டா செல்சியர் என்று விற்கப்பட்டது. லெக்சஸ் என்ற பெயர் தாய்நாட்டுக்கு வந்தது 2005இல்தான். ஜப்பானில் புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயச் சோதனைக்கு உட்பட வேண்டும். அச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிதன்று. அதற்கு அஞ்சியே பலர் நல்ல நிலையிலுள்ள காரையும் விற்றுவிடுகின்றனர். இலங்கை உட்படப் பல நாடுகளின் தெருக்களில் ஜப்பானின் பழைய கார்கள் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, நெடுங்காலம் உழைக்கும் ஜப்பானியச் சொகுசுக் கார், காரை நெடுங்காலம் வைத்திருக்கும் ஜப்பானியருக்காகப் பிறந்ததன்று. நூற்றாண்டுப் பெயர் கொண்ட மெர்சிடிஸுக்கு எதிரே, பெயரே இல்லாத ஒரு புதியவர் அமெரிக்கரின் நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்தது. விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தபோது, பணியாளர்கள் உரிமையாளர்களின் வீட்டு வாசலுக்கே சென்று காரை எடுத்துவந்து 20 நாட்களில் அவ்வேலையை முடித்தனர். பெயர் இல்லாதவன் செலுத்த வேண்டிய முன்பணம் அது.

ஜெர்மனியின் கதையிலும் குணத்தைவிட வரிச் சட்டத்துக்கே பங்கு அதிகம். அங்கே ஆண்டுதோறும் பதிவாகும் புதுக் கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தனிமனிதர் பெயரில் பதிவாவதில்லை. நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. அலுவலகம் தரும் காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்தும் ஊழியர், எரிபொருள் காரின் பட்டியல் விலையில் மாதம் ஒரு சதவீதத்தை வருமானமாகக் காட்டி அதற்கு வரி கட்டினால் போதும். சொகுசுக் கார்களின் பெரும்பங்கு இவ்வழியில்தான் சாலைக்கு வருகிறது. மூன்று நான்கு ஆண்டுக் குத்தகை முடிந்ததும் கார் திரும்பிப் போய்விடும். இத்தகைய முதல் வாடிக்கையாளர் கேட்பவை வேகம், அமைதி, புதுமை, குறைந்த சர்வீஸ் நாட்கள். பதினோராம் ஆண்டில் குளிர்விப்பு அமைப்பின் பிளாஸ்டிக் குழாய் வெடிக்குமா என்பது அவர் கேட்கும் கேள்வியன்று. கேட்கப்படாத கேள்விக்குப் பொறியாளர் விடை தேடுவதில்லை.

பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் எஞ்சினைப் பார்த்தால் இது தெளிவாகும். இந்தியாவில் 320டி, 520டி கார்களில் பரவலாக ஓடிய எஞ்சின் அது. அதன் டைமிங் சங்கிலி எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டிய பக்கத்தில் அமைந்துள்ளது. சங்கிலி தேய்ந்து சத்தமிடத் தொடங்கினால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், அல்லது எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். உதிரி பாகத்தின் விலை ஒரு பங்கு என்றால் அதனிடம் போய்ச் சேரும் கூலி பல பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த எஞ்சினுக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கிறது. சங்கிலி முன்பக்கம் இருந்திருந்தால் அதே கோளாறு சிறு செலவோடு முடிந்திருக்கும். இங்கே வேறுபாடு உலோகத்தின் தரத்தில் இல்லை. பழுது பார்ப்பவரின் கை எங்கே நுழையும் என்று வரைபடத்தின் முன் அமர்ந்தவர் நினைத்தாரா என்பதில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் லெக்சஸ் இ.எஸ். 300எச் காரை வைக்கலாம். 2020 முதல் கர்நாடகத்தின் பிடதியில் ஒருங்கிணைக்கப்படும் கார் இது. ஹைபிரிட் என்றாலே சிக்கல் அதிகம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இதில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, தனி ஆல்டர்னேட்டர் இல்லை, படிப்படியாக மாறும் கியர்களும் கிளட்சுகளும் இல்லை. மின்மோட்டாரே வேகத்தைப் பெருமளவு குறைத்துவிடுவதால் பிரேக் பட்டைகளும் மெதுவாகத் தேய்கின்றன. பழுதாகக் கூடிய உறுப்பைத் திறமையாகச் செய்வதற்குப் பதிலாக, அந்த உறுப்பையே நீக்கிவிடுவது இந்த வடிவமைப்பின் வழி. கேம்ரியோடு எஞ்சினையும் அடித்தளத்தையும் பகிர்ந்துகொள்வதால் உதிரி பாகங்களுக்கும் தட்டுப்பாடு குறைவு. ஆயினும் ஜப்பானிய முத்திரை இருந்தாலே போதும் என்பதில்லை. லெக்சஸின் பெரிய எல்.எஸ். கார்களில் காற்றுச் சஸ்பென்ஷன் பழுதானால் வரும் பில், மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் உரிமையாளருக்கு வரும் பில்லைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லாதது. காற்றுப் பைகளுக்கு நாடு கிடையாது.

ஜெர்மனியில் குத்தகை முடிந்து திரும்பும் காருக்கு அங்கே நிறுவப்பட்ட ஒரு மறுசந்தை இருக்கிறது. இந்தியாவில் முதல் உரிமையாளர் கைவிட்ட காரின் பயணம் வேறு விதமானது. அதற்குத் தலைநகரமே சான்று. பத்தாண்டுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அக்காலத்தில் இந்தியாவில் விற்ற ஜெர்மானியச் சொகுசுக் கார்களில் டீசல் எஞ்சின்களே மிகுதி. பத்தாம் ஆண்டை நெருங்கிய கார்கள் தடையின்மைச் சான்று பெற்று, தடையில்லாத பிற மாநிலங்களை நோக்கி மிகக் குறைந்த விலையில் நகர்ந்தன. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பத்தாண்டுகள் இந்த ஓட்டம் நடந்திருந்தது.

ஒரு கணக்குக்காக, 60 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்ட கார் ஒன்பதாம் ஆண்டில் 9 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். வாங்குபவர் தம்மிடம் இருப்பது 9 லட்ச ரூபாய்க் கார் என்று நினைக்கிறார். உதிரி பாகங்களின் விலைப்பட்டியலுக்கு அந்தத் தள்ளுபடி தெரியாது. அது இன்னும் 60 லட்ச ரூபாய்க் காருக்கான பட்டியல்தான். காரின் விலை சரிந்ததே அடுத்து வரவிருக்கும் செலவுகளைச் சந்தை முன்னதாகக் கணக்கிட்டுக் கழித்துவிட்டதால். அந்தக் கழிவைத் தமக்குக் கிடைத்த லாபமாக வாங்குபவர் எண்ணிவிடுகிறார். சிறு வியாபாரி, வேலை நிரந்தரமான ஆசிரியர், குடும்பத்தில் முதன்முதலாகக் கார் ஓட்டுபவர் எனப் பலரும் இங்கே இருக்கிறார்கள். முப்பரிமாண நட்சத்திரச் சின்னத்தின் மீது அவர்களுக்குள்ள ஆசையைப் பல்கலைக்கழகச் சிற்றுண்டியகத்தில் அமர்ந்து ஏளனம் செய்வது எளிது. அயல்நாட்டுப் பல்கலைக்கழக முத்திரை மீதான ஆசை அதைவிட உயர்ந்ததா என்று ஏளனம் செய்பவர் தம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

அவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நிறுவனத்துக்கு வெளியே உள்ள பட்டறைதான். இந்த இடத்தில் ஒப்பீடு சற்றே திரும்புகிறது. ஜெர்மானியக் கார்களின் பல உறுப்புகளைச் செய்பவை பாஷ், மாலே, ஹெல்லா, இசட்.எஃப். போன்ற நிறுவனங்கள். அதே தரத்து உறுப்பு, கார் நிறுவனத்தின் சின்னம் இல்லாத பெட்டியில், குறைந்த விலைக்கு வெளிச்சந்தையிலும் கிடைக்கிறது. டெல்லி காஷ்மீரி கேட்டின் உதிரி பாகக் கடைகளை அறிந்த மெக்கானிக் இருந்தால் பழைய ஜெர்மானியக் கார் தாங்கக்கூடிய செலவில் ஓடும். லெக்சஸோ இந்தியாவுக்கு வந்ததே 2017இல். கேம்ரியோடு பகிராத உறுப்புகளுக்கு அதன் உரிமையாளர் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரையே நம்பியிருக்க வேண்டும். ஜெர்மானியக் காரிலும் வெளிப்பட்டறையின் கை எல்லா இடத்திலும் நுழைந்துவிடுவதில்லை. பேட்டரியை மாற்றினால்கூட அதைக் காரின் கணினியில் பதிவுசெய்ய வேண்டிய மாதிரிகள் உள்ளன. அதற்குரிய மென்பொருள் யாரிடம் இருக்கிறதோ அவரே விலையைத் தீர்மானிக்கிறார்.

இந்தப் பூட்டு ஜெர்மானியருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அரசு ஆவணமே இருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்பட்டியலில் பி.எம்.டபிள்யூ.வும் மெர்சிடிஸும் ஃபோக்ஸ்வாகனும் இருந்தன. டொயோட்டாவும் ஹோண்டாவும் நிசானும் இருந்தன. இந்திய நிறுவனங்களும் இருந்தன. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. தேசியக் குணம் பற்றிய விவாதத்தில் இந்த ஆணை மேற்கோள் காட்டப்படுவது அரிது.

அப்படியானால் ஜப்பானிய வழியின் மேன்மை எதில் இருக்கிறது? செலவு குறைவு என்பதைவிட, செலவை யார் சுமப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் இருக்கிறது. 2024 ஜூன் முதல் இந்தியாவில் விற்கும் புது லெக்சஸ் கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தரப்படுகிறது. இது தருமம் அன்று. அதற்கான பணம் காரின் விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதைச் செலுத்துபவர் முதல் உரிமையாளர், அதாவது செலுத்த வசதி உள்ளவர். ஐந்தாம் ஆண்டில் அந்தக் காரை வாங்குபவருக்கு மிச்ச வாரண்டி ஒரு பிடிமானமாகிறது. இரண்டு மூன்று ஆண்டு வாரண்டியும், அதற்குமேல் வேண்டுமென்றால் தனிப் பணமும் என்ற முறையில் அந்தச் சுமை கைமாறிக் கைமாறி, கடைசியில் பேரம் பேசும் வலு குறைந்தவரிடம் போய் நிற்கிறது. இரண்டில் முன்னது நேர்மையான ஏற்பாடு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் நேர்மையை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதும் சரியன்று. பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. குழு எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. வரும்போது அதில் இரண்டு பிரிவுகள் இருக்க வேண்டும். காரை விற்கும் நாளிலேயே பத்தாண்டுப் பராமரிப்பு அட்டவணையும் முக்கிய உதிரி பாகங்களின் விலையும், ஒவ்வொன்றையும் மாற்ற ஆகும் வேலை நேரத்தோடு வெளியிடப்பட வேண்டும். ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் நிறுவனம், அது எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்று எண்ணால் எழுதித் தர வேண்டும்.