ஸ்ட்ராபெர்ரி இல்லாத ஸ்ட்ராபெர்ரி கேக்

மறைமலைநகரிலிருந்து பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனை பேக்கரிகள்! பிளாக் ஃபாரஸ்ட், பட்டர்ஸ்காட்ச், பைனாப்பிள் என்று அடுக்கிய கண்ணாடிப் பெட்டியில் ரோஸ் நிறத்தில் ஒரு துண்டும் இருக்கும். அதற்குப் பெயர் ஸ்ட்ராபெர்ரி கேக். நிறம் இருக்கும், மணம் இருக்கும். பல நேரங்களில் பழம் மட்டும் இருக்காது.

பிறந்தநாள் கேக்கைப் போய் யாராவது ஆராய்ச்சி செய்வார்களா என்று கேட்கலாம். "ரோஸ் மில்க்கில் ரோஜாவைத் தேடுகிறார்களா என்ன?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரோஜாவின் மணம் எல்லோருக்கும் தெரியும். மாலைக் கடையைத் தாண்டிப் போனாலே போதும், எது அசல் எது எசன்ஸ் என்று மூக்கு சொல்லிவிடும். ஸ்ட்ராபெர்ரி விஷயத்தில் அப்படி இல்லை. சமவெளியில் வளரும் ஒரு பையனுக்கு முதலில் தெரிவது எசன்ஸ்தான். பிறகு ஒருநாள் கொடைக்கானல் டூர் போய் நிஜப் பழத்தைக் கடித்துவிட்டு, "என்னடா இது, ஸ்ட்ராபெர்ரி மாதிரியே இல்லையே!" என்கிறான். போலி அசலாகி, அசல் போலியாகிவிட்டது. நஷ்டம் அங்கேதான்.

இந்தப் பழம் பிறந்த கதையே சுவாரசியமானது. இன்று உலகம் முழுக்க விற்கும் பெரிய ஸ்ட்ராபெர்ரிக்கு வயது 300 வருடம்கூட ஆகவில்லை. ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் உளவு வேலைக்காகத் தென் அமெரிக்கா போனார். 1714-ல் திரும்பும்போது சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் கொண்டுவந்தார். (பிரெஞ்சில் 'ஃப்ரேஸ்' என்றால் ஸ்ட்ராபெர்ரி. ஆளின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்!) வந்தவை எல்லாம் பெண் செடிகள், காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த வேறொரு வகையைப் பக்கத்தில் வைத்தபோது மகரந்தம் சேர்ந்து காய்த்தது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்றைய பழம். இதை 1766-ல் டுஷேன் என்ற இளம் தாவரவியலாளர் எழுதி விளக்கினார்.

இந்தப் பழத்தை வைத்து அமெரிக்கர்கள் உருவாக்கிய இனிப்புதான் ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக். அதன் ஆரம்பகாலச் செய்முறை ஒன்று எலிசா லெஸ்லி 1847-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிறது. 'ஷார்ட்' என்றால் இங்கே குட்டை இல்லை. பொருபொருவென்று உதிர்வது என்று பொருள். முறுக்கு மாவில் வெண்ணெய் சேர்த்துப் பிசறினால் வாயில் வைத்ததும் உடைகிறதே, அதே வித்தைதான். கொழுப்பு சேர்ந்த மாவு ரப்பர் மாதிரி இழுபடாது.

செய்முறை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. அரை கிலோ ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, கால் கப் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் பழமே தன் சாற்றை விடும். 2 கப் மைதா, 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை. இதில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் பிசற வேண்டும். செங்கல்பட்டு வெயிலில் வெண்ணெய் உருகிவிடும் என்பதால் ஃப்ரீசரில் வைத்துத் துருவிப் போடுவது நல்லது. முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாகக் குளிர்ந்த பால் விட்டு, அதிகம் பிசையாமல் சேர்த்து, தடித்த வட்டங்களாக வெட்டி 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வேகவைத்தால் போதும். ஆறியதும் இரண்டாகப் பிளந்து நடுவில் பழமும் சாறும், மேலே க்ரீம். பாக்கெட்டில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. பரவாயில்லை, அப்படியே ஊற்றிக்கொள்ளலாம்.

இதில் எசன்ஸுக்கு எங்கே இடம்? மணம் முழுவதும் பழத்திலிருந்தே வருகிறது. நிஜ ஸ்ட்ராபெர்ரியின் மணம் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்து வருவது. எசன்ஸில் இருப்பது சில மட்டுமே. அதில் பெயர்போனது 'ஸ்ட்ராபெர்ரி ஆல்டிஹைட்'. வேதியியல்படி அது ஆல்டிஹைடே இல்லை, எஸ்டர் வகை. பெயரே பொய் என்றால் மற்றதைப் பற்றி என்ன சொல்ல!

ஜப்பானில் இதே ஷார்ட்கேக்கை மாற்றிவிட்டார்கள். உதிரும் கேக்குக்குப் பதில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் கேக். அங்கே அதுதான் கிறிஸ்துமஸ் கேக். கேக்கை மாற்றினார்கள், பழத்தை விடவில்லை. நம் நாட்டிலேயே மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வரில் கேக்கே இல்லாமல் பழமும் க்ரீமும் மட்டும் தருகிறார்கள். அந்த ஊர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பேக்கரிகளோ கேக்கை வைத்துக்கொண்டு பழத்தை விட்டுவிட்டன.

கடைக்காரர் தரப்பிலும் காரணம் உண்டு. பழம் விலை அதிகம், இந்த வெயிலில் இரண்டு நாள் தாங்காது. மாம்பழம் மாதிரி பறித்தபின் பழுக்க வைக்கவும் முடியாது. தூரத்துக்கு அனுப்ப முன்கூட்டியே பறித்தால் சிவப்பு ஏறும், இனிப்பு ஏறாது. பெட்டியில் வாங்கும் பழம் புளிப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்தப் புளிப்பைச் சரிசெய்யத்தான் சர்க்கரை தூவி ஊறவைக்கும் வழி இருக்கிறது.

கடைக்காரர் எசன்ஸ் போடுவது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் தவறு. பாக்கெட் உணவில் சேர்த்த நிறத்தையும் மணத்தையும் லேபிளில் எழுதியாக வேண்டும். பாலின் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று விற்கக்கூடாது, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேக் துண்டுக்கு மட்டும் லேபிள் இல்லை. விலை எழுதும் அட்டையில் 'ஸ்ட்ராபெர்ரி ஃபிளேவர்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றி, சொல்லில் கலப்பு கூடாது என்று வாழ்ந்தவரின் பெயரைத் தாங்கிய ஊரில் இதைக்கூட எதிர்பார்க்கக்கூடாதா?

வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். குளிர்காலத்தில் பழம் கிடைக்கும்போது ஒரு பெட்டி வாங்கி ஒருமுறையாவது வீட்டில் செய்து பார்க்கலாம். கிடைக்காத மாதங்களில் ரோஸ் நிறத்தைத் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பீச் பழத்திலும் ஷார்ட்கேக் செய்கிறார்கள். மே மாதத்தில் நன்கு பழுத்த பங்கனப்பள்ளியை நறுக்கி, கொஞ்சம் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அதே கேக்கின் நடுவில் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்தந்தப் பருவத்துப் பழத்தைச் சாப்பிடத்தான் இந்த இனிப்பே பிறந்தது. எசன்ஸுக்குப் பருவம் ஏது?