குடிசைக்கு முன்னால் மூன்று கேள்வி

போன வருஷம் ஜூன் மாதம் என் தங்கை மகனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பிரான்சில் க்ளெர்மோன்ஃபெரான் பக்கம் இருக்கிறான். வயது 46. கல்யாணம் செய்து கொள்ளவில்லை. மெயிலோடு பதினேழு படங்கள். எல்லாம் ஒரு மரக் குடிசையின் படங்கள். அவனே அறுத்து, அவனே ஆணி அடித்தது.

"மாமா, நான் மூணு வருஷத் தியானத்துக்குப் போறேன்" என்று எழுதியிருந்தான். திபெத்திய பௌத்த வழி. மூன்று வருஷம், மூன்று மாதம், மூன்று நாள் என்று கணக்கு. போன் கிடையாது, வெளியாள் முகம் பார்க்கக் கூடாது. சிறு குழு ஒன்று மலைப்பக்கம் நிலம் வாங்கி, ஆளுக்கொரு கபான் கட்டிக் கொள்கிறார்கள். 18 சதுர மீட்டர். அந்த அளவுக்கு மேரியில் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தால் போதுமாம், 20-க்கு மேல் போனால் பெர்மி வாங்க வேண்டுமாம். சுவருக்குள் ஆட்டு ரோமம் அடைத்திருக்கிறான், குளிருக்கு. விறகு இரண்டு வருஷம் காய வேண்டும் என்று இப்போதே வெட்டி அடுக்கிவிட்டான். அடுப்புப் புகைக்குக் குழாய், விஷவாயு வந்தால் கத்துகிற கருவி, மரத்தூள் போடுகிற கழிப்பறை என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தான்.

நாலு பக்க மெயில். அதில் "அம்மா" என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடினேன். கடைசி வரியில் வந்தது. "அம்மாவிடம் சொல்லிவிட்டேன்."

என் தங்கைக்கு 71 வயது. முதலியார்பேட்டையில் தனியாக இருக்கிறாள். மாப்பிள்ளை சொல்தா, போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சர்க்கரை, முழங்கால் வலி, ஒரு கண்ணில் ஆபரேஷன். ஒரே பிள்ளை.

இந்த விஷயம் தெரிந்ததும் நம் கடற்கரை வாக்கிங் கோஷ்டி இரண்டு கட்சியானது. ஒரு கட்சி, "பொறுப்புக்குப் பயந்து ஓடறான், சோம்பேறி" என்றது. இன்னொரு கட்சி, "ஞானத்தைத் தேடிப் போறவன புண்ணியவான்னு கும்பிடணும், கேள்வி கேக்கக் கூடாது" என்றது. இரண்டுமே தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கட்சிக்கு முதலில். சோம்பேறிக்கு இது ஆகாது. இந்த வழியில் உள்ளே விடுவதற்கு முன்னாலேயே ஒரு லட்சம் முறை தரையில் முழுசாக விழுந்து கும்பிட வேண்டும். அதோடு வேறு சில பயிற்சிகளும் அதே ஒரு லட்சக் கணக்கில். முடிக்கவே வருஷக் கணக்கில் ஆகும். கோயங்காவின் விபாசனாவில்கூட இருபது நாள் முகாமுக்கு நேராகப் போய் நிற்க முடியாது. பத்து நாள் முகாம் பல முடித்து, வீட்டிலும் விடாமல் உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான் இடம். நம்மில் எத்தனை பேரால் போனைத் தொடாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடியும்? நான் முயற்சி செய்தேன். பதினோரு நிமிஷம். ஆகவே பயந்து ஓடுகிறான் என்கிற பேச்சை விட்டுவிடலாம்.

இரண்டாவது கட்சியோடுதான் எனக்கு உண்மையான சண்டை.

கேள்வி கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? புத்தர் சொல்லவில்லை. நான் 35 வருஷம் பைலோடு குடும்பம் நடத்தியவன். பௌத்தத்தில் விநயம் என்று சங்கத்தின் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் ரூல்ஸ் படித்தவனுக்கு அதைப் படிக்கப் படிக்கச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். அதில் பிக்குவாக வருகிறவனை நிறுத்தி வைத்துச் சில கேள்விகள் கேட்கச் சொல்லியிருக்கிறது. நோய் உண்டா, வயது இருபது நிறைந்ததா, ஓடும் உடையும் இருக்கிறதா என்பதோடு இந்த மூன்றும் உண்டு. உனக்குக் கடன் இருக்கிறதா? நீ அரசன் சேவகத்தில் இருக்கிறாயா? அம்மா அப்பா அனுமதி கொடுத்தார்களா?

நம் ஆபீஸில் ரிடயர் ஆகும்போது வாங்குகிற நோ டியூ சர்டிபிகேட் இதற்குத் தம்பி.

மூன்றாவது கேள்வி எப்படி வந்தது என்பதற்கும் கதை உண்டு. புத்தர் தம் மகன் ராகுலனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். தாத்தா சுத்தோதனர் நொந்து போய் வந்து, பெற்றவர் சம்மதமில்லாமல் இனிமேல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக் கொண்டார். புத்தர் ஒப்புக்கொண்டார். சொந்த வீட்டில் பட்ட வலியிலிருந்து பிறந்த விதி அது. ஞானம் பெற்றவரே கேள்விக்குப் பதில் சொன்னார். க்ளெர்மோன்ஃபெரான்காரன் சொல்லக் கூடாதா?

அவன் முறையாகத் துறவு வாங்கவில்லை, திரும்பி வரப் போகிறவன், அவனுக்கு அந்த விதி பொருந்தாது என்று ஒருவர் வாதாடினார். மூன்றே கால் வருஷம் அம்மாவின் குரலைக் கேட்கப் போவதில்லை என்கிறவனுக்கு விதியின் எழுத்து பொருந்தாமல் போகலாம். காரணம் பொருந்தும்.

சரி, குடிசைக்கு வருவோம். தன் கையால் கட்டுவது பெரிய விஷயம் என்கிறார்கள். பெரிய விஷயம்தான். மிலரேபா என்ற திபெத்திய யோகி, குரு மார்பா சொன்னபடி தனி ஆளாகக் கல் சுமந்து கோபுரம் கட்டினார். குரு பாதியில் வந்து இடி என்றார். இடித்தார். மறுபடி கட்டினார், மறுபடி இடிக்கச் சொன்னார். இடி என்று சொல்ல ஒருவர் இருக்கும்போது கட்டுவது பயிற்சி. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அது வெறும் வீடு.

விநயத்தில் தனியன் என்று ஒரு பிக்கு வருகிறார். குயவர் மகன். ராஜகிருகத்து மலைச் சரிவில் புல் குடிசை போட்டார். பிச்சைக்குப் போன நேரத்தில் புல்லும் சுள்ளியும் பொறுக்க வந்தவர்கள் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று தடவை இப்படி. பார்த்தார், தெரிந்த தொழிலைக் காட்டினார். முழுக்க மண்ணால் குடில் கட்டி, விறகும் சாணமும் போட்டுச் சுட்டார். தம்பலப்பூச்சி மாதிரிச் சிவப்பாக, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற குடில். புத்தர் பார்த்தார். எத்தனை உயிர்கள் இதில் வெந்திருக்கும் என்று கண்டித்து உடைக்கச் சொன்னார். அப்போதும் தனியனுக்குப் புத்தி வரவில்லை. அடுத்து மரத்தில் கட்ட ஆசைப்பட்டு, அரசன் கொடுத்தான் என்று பொய் சொல்லி பிம்பிசாரனின் மரத்தை எடுத்து வந்தார். திருட்டைத் தடுக்கிற பெரிய விதி இந்தக் குடிசையிலிருந்துதான் பிறந்தது.

ஆளவி ஊர்ப் பிக்குகள் கதை இன்னும் வேடிக்கை. குடில் கட்டுகிறோம், ஆள் கொடு, மாடு கொடு, கோடாலி கொடு, மூங்கில் கொடு என்று வீடு வீடாகக் கேட்டு, கடைசியில் ஊர்க்காரர்கள் தூரத்தில் பசுமாட்டைப் பார்த்தாலே பிக்கு வருகிறார் என்று ஓடினார்களாம். அதன் பிறகுதான் அளவு வந்தது. நீளம் பன்னிரண்டு சாண், அகலம் ஏழு சாண், புத்தரின் சாணால். அந்தச் சாண் எத்தனை அங்குலம் என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இடத்தைப் பிக்குகள் வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். எறும்பு, கரையான் குடியிருக்கிற இடமாக இருக்கக் கூடாது. சுற்றிலும் மாடு பூட்டிய வண்டி போக இடம் விட வேண்டும். எறும்புக்குக்கூட நோ அப்ஜெக்‌ஷன் கேட்ட சட்டம் அம்மாவை மறந்திருக்குமா?

தனிமை என்று சொல்கிறோமே, அதன் செலவை யாரோ ஒருவர் கொடுக்கிறார். லிசேயில் படித்த காலத்தில் அலெக்சாந்த்ரா தவித்நேல் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் புத்தகங்களை வாய் பிளந்து படித்தேன். 1911-ல் நம் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் பார்த்தவர். சிக்கிமில் லாச்சென் பக்கம் உயர்ந்த மலையில், பனியில், தியானம் பழகினார். வீராங்கனைதான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு மாதத்தில் வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிக் கிளம்பியவர் திரும்பியது 1925-ல். அத்தனை வருஷமும் பணம் அனுப்பியவர் அந்தக் கணவர், ரயில்வே இஞ்சினியர். அவருக்கு எந்த ஊரில் சிலை இருக்கிறது? ஒவ்வொரு தவசிக்குப் பின்னாலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து மணியார்டர் எழுதிக் கொண்டிருக்கிறான். அவனைக் கேட்டுவிட்டுப் போ என்பதுதான் என் கட்சி.

நம் மணிமேகலையையே பாருங்கள். அவள் முதலில் அமுதசுரபியை எடுத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள். சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கினாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டு நோன்பு ஏற்றது கடைசியில்தான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். இருக்கிறது. 1983-ல் ஒரு பிரமோஷனுக்காக நானே எழுதிக் கொடுத்து ஏனாமுக்கு மாற்றல் வாங்கிக் கொண்டு போனேன். அம்மாவிடம் கேட்கவில்லை, சொன்னேன். "போய்ட்டு வாப்பா" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக் கொண்டேன். அடுத்த வருஷம் தந்தி வந்தது. காக்கிநாடா போய், ரயில் பிடித்து, மதராஸில் இறங்கி, பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொல்லையில் அவள் புடவை கொடியில் உலர்ந்து கிடந்தது. மிலரேபாவும் அப்படித்தான். குருவிடமிருந்து ஊர் திரும்பியபோது வீடு இடிந்து கிடந்தது, உள்ளே எலும்புகள், அம்மாவுடையவை. மயங்கி விழுந்தார். அந்த இடத்தைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆகவே தங்கை மகனுக்கு விநயத்தின் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினேன். கடன்? வேலை? அம்மா? வேறு ஒன்றும் எழுதவில்லை. பன்னிரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துக் கொண்டான் என்று நினைத்தேன். பிறகு வந்தது. வீட்டுக் கடன் நாலு வருஷம் பாக்கி இருக்கிறதாம், விற்று அடைக்கிறானாம். வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். "மூணாவதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மாமா. அம்மாகிட்ட நான் கேக்கல. சொன்னேன், அவ்வளவுதான்."

பொங்கலுக்கு வந்தான். ஆறு வாரம் இருந்தான். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான், பெரிதாக ஒன்றும் பேசிக் கொள்ளவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நானும் இருக்கும்போதுதான் கேட்டான், "அம்மா, நான் போகட்டுமா?" என்று. அவள் உடனே பதில் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்குச் சொல்லுவாங்களா?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் விறகு காய வைத்தவன் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை. அன்று இரவே குழுவுக்கு எழுதினான். உள்ளே போகிறவர் என்ன சேதி தனக்கு வர வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைக்கலாமாம். மறுநாள் என் தங்கை சொல்லச் சொல்ல அவன் பிரெஞ்சில் எழுதினான், நான் பிழை திருத்தினேன். அம்மாவுக்கு எது ஆனாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும், வருவதா இருப்பதா என்பதை அவன் முடிவு செய்வான். கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள். அதன் பிறகுதான் "போய்ட்டு வா" என்றாள். இந்தத் தடவை நான் அதைச் சம்மதம் என்று ஏற்றுக் கொள்கிறேன்.

உள்ளே போவதை ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறான். அதற்குள் அவளோடு தங்க ஒரு ஆள், மருந்துக்கு ஏற்பாடு, பேங்குக்குப் போக ஒரு ஆள் எல்லாம் ஆக வேண்டும். பிரெஞ்சுப் பென்ஷனுக்கு வருஷா வருஷம் செர்த்திபிக்கா த வீ அனுப்ப வேண்டும், அது நின்றால் பணம் நிற்கும். அதை நான் பார்த்துக் கொள்கிறேன் என்றேன். "உங்களுக்கே 76 ஆச்சு மாமா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யார் எழுதித் தரது?" என்றான். நியாயமான கேள்விதான். என் மகளையும் அதில் இரண்டாவது பெயராகச் சேர்த்திருக்கிறோம்.

கபானில் இன்னும் அடுப்பு வைக்கவில்லை. அவசரமில்லை, அது சின்ன வேலை.