எடையற்ற கலத்தில் மனித இயக்கம்: தமிழ் அறிவியல் புனைகதையின் வினைச்சொற்கள்

முன்னுரை

2024 பிப்ரவரி 27 அன்று ககன்யான் திட்டத்திற்குரிய விண்வெளி வீரர் நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பெற்றன. அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் தாம்பரத்திலுள்ள விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளியில் பயின்றவர். மற்றொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூன், ஜூலை மாதங்களில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி மீண்டார். எடையற்ற கலத்துள் மனிதர் இயங்குவது இவ்வாறு நமக்கு அண்மைச் செய்தியாகிவிட்ட நிலையில், அவ்வியக்கத்தைச் சொல்லத் தமிழ்ப் புனைகதை ஆயத்தமாக உள்ளதா என்னும் வினா எழுகிறது. ஆயத்தமாக இல்லை என்பதும், அதற்குக் காரணம் சொல்வறுமை அன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

எடையின்மையும் புனைவும்

'ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளி' என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது, அது பிழையானது. 400 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு உண்டு. கலமும் அதனுள் இருப்போரும் ஒருசேர விழுந்துகொண்டே புவியைச் சுற்றிவருவதால் எடை உணரப்படுவதில்லை. அங்கு மனிதர் வெறுமனே மிதப்பதும் இல்லை. சுவரை உந்தினால் நேர்கோட்டில் செல்வர். எதிர்ப்படும் கைப்பிடியைப் பற்றினாலன்றி நிற்க இயலாது. பணியின்போது பாதங்களைக் கம்பிகளில் கோத்துக்கொள்வர். உந்துதல், பற்றுதல், கோத்தல் என்பனவே அங்கு நடை.

உலகப் புனைவுகள் இதனை மூன்று வகையில் எதிர்கொண்டுள்ளன. ஒன்று, ஒட்டும் காலணி அல்லது காந்தக் காலணி. இரண்டு, சுழற்சியால் எடையை உண்டாக்கல். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைப்படம் ஒட்டும் காலணியையும் சுழலும் அறையையும் காட்டியது, அதன் திரைக்கதையில் பங்குகொண்ட ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். மூன்று, செயற்கை ஈர்ப்பு இருப்பதாகக் கொண்டு வழக்கம்போல் நடக்கவிடுதல். 'ஸ்டார் ட்ரெக்' இவ்வகையது.

தமிழில் பரவலாக வாசிக்கப்பட்ட சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எதிர்கால ஆட்சியைப் பேசுகிறது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பில் சித்த மருத்துவமும் இரசவாதமும் களமாகின்றன. இவை தரையில் நிகழ்வது குறையன்று. எனினும், கலத்துள் உடல் எவ்வாறு இயங்குகிறது என்னும் நுண்விவரிப்பு தமிழில் ஒரு மரபாக வளரவில்லை. விண்கலக் காட்சிகள் பெரும்பாலும் 'மிதந்தான்' என்னும் ஒற்றை வினையில் அமைந்துவிடுகின்றன.

தரை சாராத வினைகள்

ஏறு, இறங்கு, நில், விழு என்னும் வினைகள் தரையை அளவையாகக் கொண்டவை. கலத்துள் அவை பொருளிழக்கின்றன. ஆனால் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தரவும் வரவும் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்கிறார். இங்கு 'இடம்' என்பது நிலம் அன்று. பேசுவோர், கேட்போர், பேசப்படுவோர் என்னும் உறவு. மேலும் கீழும் அற்ற கலத்திலும் 'என்னிடம் வா' என்பதன் பொருள் மாறாது. மனிதரை மையமாகக் கொண்டு இயக்கத்தைச் சொல்லும் இலக்கணம் தமிழில் முன்னரே உள்ளது என்பதற்கு இது சான்று. உந்து, பற்று, தாவு, தொற்றிக்கொள் முதலிய அன்றாட வினைகளும் புதுக்கலைச்சொல் ஆக்கத்திற்குக் காத்திராமல் பயன்படத்தக்கவை.

இத்தகைய துல்லியம் கதையோட்டத்தைத் தடுக்கும் எனச் சிலர் கருதலாம். கைப்பிடியைத் தவறவிட்ட ஒருவர், சுவர் எட்டாத நடுவெளியில், எவரேனும் கைநீட்டும்வரை காத்திருக்கும் நிலையை எண்ணுதல் தகும். அங்கு இயற்பியலே கதையின் அச்சமாகிறது. பிறர் கையே நிலமாகிறது. 'மிதந்தான்' என்னும் சொல் இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது.

முடிவுரை

தமிழ் அறிவியல் புனைகதை குறித்த திறனாய்வுகள் கருப்பொருளையும் எதிர்காலக் கற்பனையையும் ஆராயும் அளவிற்கு வினைச்சொற்களையும் ஆராய்தல் வேண்டும். 'ஈர்ப்பின்மை' என்பதற்கு மாறாக 'எடையின்மை' என வழங்குதல் அதன் முதற்படி. விண்கலத்திலிருந்து மீள்வோரின் பட்டறிவைத் தமிழில் எழுதும் காலம் வரும்போது, அதற்குரிய மொழியைப் புனைகதை முன்னரே பழக்கியிருத்தல் நலம்.