50 லிட்டர்! 1 ரூபாய் 17 காசு!

பெரிய கார் மீது வரும் ஆசை இன்று பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. கிளைக் கழகத் தோழருக்கும் வருகிறது. ஆலையில் உழைத்து நாலு காசு சேர்த்தவருக்கும் வருகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கும் வருகிறது. வரட்டும்! காலில் செருப்போடு இந்தத் தெருவில் நடக்காதே என்று விரட்டப்பட்டவனின் பேரன், கதவைத் திறந்து ஸ்டீரிங்கைப் பிடித்து உட்காருகிறான் என்றால், கண்டு வயிறெரிய நாம் என்ன வைதிகபுரியின் வாரிசுகளா? மகிழ்கிறோம்!

ஆனால் தோழரே, ஒன்று கேட்போம். வாங்கும் விலையைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறீர்கள். ஓட்டும் செலவைப் பற்றி ஒருவரிடமாவது விசாரித்தீர்களா? விலை, ஒருநாள் வலி. செலவோ, வண்டி வாசலில் நிற்கும் வரையில் கூடவே இருக்கும் வலி.

நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், நம் பிள்ளைகளின் கைகளால் உருவாகும் ஹூண்டாய் க்ரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். எஸ்.யு.வி. என்று அழைக்கப்படும் வண்டிகளில் நடுத்தர உருவம். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வண்டி, லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர் தரும் என்கிறது விளம்பரம். பொய்யா? பொய்யல்ல. அது சோதனைச்சாலை உண்மை! உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏ.சி.யை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், மேடு இன்றி, பள்ளம் இன்றி, எதிரே மாடு இன்றி, மாநகராட்சி தோண்டிய குழி இன்றி எடுக்கப்பட்ட எண். கிண்டி மேம்பாலத்தடியில் மே மாத வெயிலில் ஏ.சி.யை அணைத்து ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த எண்ணின் அருமை!

ஊருக்குள் லிட்டருக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு. அந்த விலைப்படி மாதச் செலவு ஏறத்தாழ 8,400 ரூபாய். விளம்பர எண்ணை நம்பிக் கணக்குப் போட்டவர் எடுத்து வைத்திருப்பதோ 5,800. இடையிலே துண்டு விழும் 2,600 ரூபாய்க்கு எங்கே போவார்? மளிகைக் கடைக்காரரிடமா, மாமனாரிடமா?

நெடுஞ்சாலையில் நிலைமை சற்று மேல். ஆனால் அங்கேயும் வண்டியின் உயரமே அதற்குப் பகை. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வண்டியைக் காற்று எதிர்க்கிறது; அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-ல் போனவர் 100-ல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். மாநாட்டுக்குப் போகும் தோழர்கள் கொடியைப் பறக்கவிட்டு 120-ல் விரட்டுவதைக் கண்டிருக்கிறோம். மாநாடு அரைமணி நேரம் பொறுக்கும், தோழர்களே, பெட்ரோல் பொறுக்காது!

டயர்? நான்கையும் மாற்றும் நாளில் 30,000 ரூபாயைத் தாண்டும். இன்ஷூரன்சில் மட்டும் ஒரு வேடிக்கை: இந்த வண்டியின் எஞ்சின் 1,497 சி.சி. மூன்று சி.சி. குறைவானேன்? 2022-ல் அறிவித்த மூன்றாம் தரப்புக் கட்டணம் 1,500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், தாண்டினால் 7,897. வரியிலும் 2025 வரை அதே 1,500 என்ற எல்லைக்கோடு இருந்தது. கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் எஞ்சினையே வார்க்கிறார்கள் முதலாளிகள். நாம்தான் கோட்டையும் பார்ப்பதில்லை, கணக்கையும் பார்ப்பதில்லை.

இனி எத்தனால் கதை. பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பது என்பது 2025-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் குறையும். எதிர்க்கட்சிக்காரன் சொல்வதல்ல இது, நிதி ஆயோக் 2021-ல் தந்த அறிக்கை! இந்தக் கலவைக்கென்று பக்குவப்படுத்திய காருக்கு 1 முதல் 2 விழுக்காடு இழப்பு. பழைய காருக்கு 6 முதல் 7. இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4. அதாவது, ஷோரூமில் புதிதாய் எடுப்பவருக்குச் சிறு கீறல். பழைய வண்டியைத் தவணையில் எடுக்கும் உழைப்பாளிக்கு ஆழ்ந்த காயம். ஈடுசெய்ய வரிச் சலுகை தருவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே அறிக்கை யோசனை சொன்னது. யோசனை ஏட்டில் உறங்குகிறது. எத்தனால் டாங்கில் இறங்கிவிட்டது!

இவ்வளவும் வண்டியின் கணக்கு. டில்லியின் கணக்கு ஒன்று இருக்கிறதே, அதற்கு வருவோம்.

2014 மே மாதம் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020-ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்தில் வீழ்ந்தது. பலன் மக்களுக்கு வந்ததா? மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 10 ரூபாய் என வரியை ஏற்றி, 32 ரூபாய் 98 காசில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில்! பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்து, 19 ரூபாய் 90 காசு ஆக்கி, அதற்கொரு விழாவும் கொண்டாடினார்கள். பத்து மாம்பழத்தைப் பறித்துக்கொண்டு நாலைத் திருப்பித் தருபவனுக்குப் பெயர் வள்ளலாம்!

அந்த 19 ரூபாய் 90 காசைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் வரி 11 ரூபாய். வேளாண் செஸ் இரண்டரை ரூபாய். சாலை செஸ் 5 ரூபாய். மாநிலங்களோடு பங்கிட வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டுமே! மற்றதெல்லாம் டில்லியின் தனிப் பெட்டிக்கு.

க்ரெட்டாவின் டாங்க் 50 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் அந்த விகிதப்படி டில்லிக்கு 995 ரூபாய். பங்குக்கு வருவது 70 ரூபாய். 15-வது நிதிக்குழு சொன்ன 41 விழுக்காட்டின்படி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 28 ரூபாய் 70 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. வசூல் செலவைக் கழிக்காமலே கணக்கிட்டாலும், 1 ரூபாய் 17 காசு!

2025 ஏப்ரலில் மேலும் 2 ரூபாய் ஏற்றினார்கள். பங்கில் விலை ஏறவில்லையே என்பார்கள். கச்சா விலை இறங்கி நமக்கு வந்திருக்க வேண்டிய 2 ரூபாய், வழியிலேயே மடக்கப்பட்டது. ஏறவில்லை என்பதன் பொருள் அவ்வளவே. ஏற்றியதும் சிறப்புக் கூடுதல் வரியில்தான். மாநிலங்களுக்குப் பங்கு, பூஜ்யம்.

சாலைக்காகத்தானே செஸ் என்பார்கள். அப்படியானால் செங்கல்பட்டைத் தாண்டுமுன் பரனூரில் கை நீட்டுகிறார்களே, அது எதற்காக? ஒரே சாலைக்கு டாங்கிலும் காசு, கம்பத்தடியிலும் காசு!

மாநில அரசு வரி போடவில்லையா என்று மாற்று முகாம் கேட்கும். கேட்கட்டும். போடுகிறது, லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல். மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் இந்த மண்ணின் கருவூலத்துக்கு வந்தது. 2021 மே மாதத்தில் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் போன்றவற்றுக்கு இத்தகைய வருவாய்தான் ஆதாரம். அந்த ஆண்டு ஆகஸ்டில், ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பையும் ஏற்று, லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது கழக அரசு. தேர்தல் அறிக்கையில் சொன்னது 5 ரூபாய். டீசலுக்கு 4 என்றும் சொல்லியிருந்தோம். மீதியைக் கேட்கும் உரிமை நம் தோழனுக்கு உண்டு. கேட்டால் முகம் சுளிப்பவர் கழகத்தவர் ஆகமாட்டார்.

ஆகவே, கார் வாங்கும் தோழர்கள் வாங்குங்கள். நாலு பேர் நாலு வண்டியில் வராமல், ஒரு வண்டியில் நாலு பேராக வாருங்கள். பெட்ரோல் போட்டால் ரசீது வாங்குங்கள். அடுத்த தெருமுனைக் கூட்டத்தில் அந்த ரசீதைக் கையில் பிடித்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கூட்டத்தின் ஓரத்தில், ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு, ஸ்கூட்டர் மேல் சாய்ந்து ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் தனியாகச் சொல்லுங்கள்: அவர் போட்ட 5 லிட்டரில் ஒன்றியக் கலால் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பங்கு, 12 காசு கூட இல்லை.