கூட்டம் நடத்தவும் பயிற்சி வேண்டும்

கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என நான்கு நாட்கள் கூடிவந்த தமிழ்நாட்டுக் கிராம சபைக்கு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என மேலும் இரண்டு நாட்கள் கிடைத்தன. நகரங்களில் பகுதி சபைகளும் அதே ஆண்டு கூடத் தொடங்கின. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மக்கள் பேசுவதற்குச் சட்டம் இத்தனை இடங்களைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த இடங்களை முறையாக நடத்தத் தெரிந்தவர்கள்தான் நம்மிடம் போதவில்லை.

பல ஊர்களில் கிராம சபை எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மேலிடத்திலிருந்து வந்த கூட்டப் பொருளை ஒருவர் வேகமாக வாசிக்கிறார். குறைவெண் வரம்பை எட்டுவதற்குப் பதிவேடு கை மாறுகிறது. குடிநீர்க் குழாய் பற்றி ஒரு பெண் கேட்கும்போது நான்கு பேர் குறுக்கே பேசுகிறார்கள். கடைசியில், கூட்டத்தைப் பார்வையிட வந்த அலுவலரான பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இதற்கு ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூட்டம் நடத்துவது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்திறன் என்று நாம் யாருமே நினைக்கவில்லை.

மோட்டார் இயக்குபவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். கணக்கு எழுதுபவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். இருநூறு பேர் கூடிய இடத்தில் வரவு செலவை எளிய தமிழில் விளக்குவதும், எல்லோருக்கும் நேரம் பகிர்ந்து கொடுப்பதும், கோபமாக வரும் கேள்விக்குள் இருக்கும் நியாயத்தைப் பிரித்தெடுப்பதும், மறுப்பையும் சேர்த்துப் பதிவு செய்வதும் அதே அளவு கடினமான வேலைகள். சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்வது இவை எல்லாவற்றிலும் முக்கியம். பதில் கிடைக்காத இடத்துக்கு மக்கள் மறுபடி வர மாட்டார்கள்.

இந்தத் திறனை வளர்த்த அனுபவம் நமக்கே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். தொண்டர்கள் ஊதியம் வாங்காமல் ஊர் ஊராகச் சென்றார்கள். பாட்டும் வீதி நாடகமுமாக மக்களை அழைத்தார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஆர்வம் மட்டும் இருந்திருந்தால் அந்த இயக்கம் சில வாரங்களில் அடங்கியிருக்கும். தொண்டர்களுக்குப் பயிற்சி இருந்தது. மக்களின் தேவையிலிருந்து தொடங்கும் பக்குவமும் இருந்தது.

இணையத்திலும் இதே நிலைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் படகு, உணவு, மருந்து கேட்டுச் செய்திகள் குவிந்தன. மீட்கப்பட்டுவிட்டவரின் பழைய வேண்டுகோளும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்து, நேரமும் இடமும் குறித்து, முடிந்துவிட்ட வேண்டுகோளைப் பட்டியலிலிருந்து நீக்கிய தன்னார்வலர்களின் உழைப்பால்தான் உதவி சரியான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அட்மினாக இருப்பவர் அதையும் ஒரு பொதுப்பொறுப்பாகவே ஏற்க வேண்டும். சரிபார்க்காத செய்தியைத் தடுப்பது, ஆளைத் தாக்கும் பேச்சை உடனே நிறுத்துவது, புகார் எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிப்பது எல்லாம் அவர் வேலை. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவரின் குறையை நேரில் கேட்டுக் குழுவுக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும்.

மக்கள் பேசும் இடங்களை முறையாக நடத்தும் பொறுப்பில் எல்லோருக்கும் பங்கு உண்டு. உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும் அரசு தரும் பயிற்சியில், சட்டத்தையும் திட்டங்களையும் போலவே கூட்டம் நடத்தும் முறைக்கும் இடம் வேண்டும். அதைச் சொற்பொழிவாகக் கேட்டால் போதாது, செய்து பார்த்துப் பழக வேண்டும். உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய மாநிலம் இது. தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் வழக்கத்தைக் கட்சிகள் தாங்களே முன்வந்து நிறுத்த வேண்டும். பட்டியல் சாதி மக்கள் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகும் கூட்டத்தை ஊர்க் கூட்டம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கூட்டத்தை எங்கே, எந்த நேரத்தில் வைப்பது என்ற முடிவே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தீர்மானங்களைத் தொகுத்து மக்களுக்கு விளக்கலாம்.

குடிமக்களாகிய நமக்கும் கடமை இருக்கிறது. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கவும், தேதியும் ஆதாரமும் வைத்துப் பேசவும், நமக்கு ஒவ்வாத கருத்தை முழுதாகக் கேட்டு முடிக்கவும் நாமும் பழக வேண்டும். அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போகும்போது ஒரே ஒரு கோரிக்கையை எழுதி எடுத்துச் செல்வோம். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வருவோம். அதற்கடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று எல்லோர் முன்பும் கேட்போம். நாம் அப்படிக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டியவர்களும் தயாராகி வருவார்கள்.