மழையும் மலைச்சரிவும்

2023 டிசம்பர் 18-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், சாகுபுரத்தை அடுத்த காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. சமபூமியானபடியால் ஜலம் ஊர்களைச் சூழ்ந்து நின்றது. மலைச்சரிவிலோ விஷயம் வேறு. அங்கே நீர் மண்ணின் இடுக்குகளில் இறங்கி, அடிப்பாறையில் தடைப்பட்டுத் தேங்குகிறது. அதன் அழுத்தம் மண் துகள்களை ஒன்றையொன்று பற்றவொட்டாமல் விலக்குகிறது. மண்ணின் பாரமும் ஏறுகிறது. பிடிப்புத் தளர்ந்ததும் சரிவு முழுவதும் பெயர்ந்து விழுகிறது. மழை விட்ட பின்னரும் இவ்வாறு நேரிடலாம்.

2024 டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் அடிவாரத்து வீடொன்று புதையுண்டு எழுவர் மாண்டனர். அதற்கும் மழையே காரணம், அவ்வளவோடு விட்டுவிடலாமா? இலங்கையில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29-ந் தேதி தோட்டத் தொழிலாளரான நம் தமிழ் மக்களின் லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் அபாயகரமானதென்று அந்நாட்டுத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்தே இருந்தது. லயமோ தோட்டத்தின் சொத்து. தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு அவன் எங்கே போய்க் குடியேறுவது? இதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் சர்க்காரும் தோட்ட நிர்வாகிகளுமே.