பூஜ்யத்தால் வகுத்தால் ஒன்றா?

சென்ற வாரம் என் பார்வைக்கு வந்த ஓர் ஆராய்ச்சி அறிக்கையில், தரவுகளிலிருந்து சூத்திரத்தையே தேடிக் கண்டெடுக்கும் சிம்பாலிக் ரிக்ரஷன் முறையை விஸ்தாரமாக விவரித்த ஆசிரியர், பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்த இடங்களிலெல்லாம் விடையை ஒன்று என வைத்துக்கொண்டதாகவும், அதனால் பாதகமில்லை என்றும் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோனதைக் கண்டு எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பாதகமில்லையா? 1992இல் ஜான் கோஸா, சூத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கும் மரபணு நிரலாக்கம் பற்றிய தம் நூலில் கையாண்ட இந்தப் 'பாதுகாக்கப்பட்ட வகுத்தல்', தேடல் நடுவழியில் முறிந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு. அதைக் கணித நியாயமாகவே பாவிக்கும் வழக்கம் பின்வந்தவர்களிடம் வேரூன்றிவிட்டது. ஜிபிலேர்ன் என்னும் மென்பொருளில், வகுக்கும் எண்ணின் அளவு 0.001ஐத் தாண்டாவிட்டால் விடை ஒன்று. ஆகவே ஒன்றை 0.002ஆல் வகுத்தால் 500, 0.001ஆல் வகுத்தாலோ 1! தூரத்தின் வர்க்கத்தால் வகுபடும் கூலும் விதியைத் தேடப் புறப்பட்டவருக்கு, மின்னூட்டங்கள் நெருங்க நெருங்க வளர்ந்த விசை திடீரென ஒன்றாகிவிடும் பிரபஞ்சமா வேண்டும்? அந்தப் புள்ளியில் அளந்த மதிப்பும் தற்செயலாக ஒன்றை ஒட்டியிருந்துவிட்டால், பிழையை அளக்கும் இழப்புச் சார்பு அப்பொய்ச் சூத்திரத்துக்குப் பரிசளித்து அடுத்த தலைமுறைக்கு அனுப்பிவைக்கும். இப்படி விடை ஒன்றாக்கப்பட்ட அந்தச் சூத்திரமே அறிக்கையில் சாதாரண வகுத்தல் குறியோடு அச்சேறுகிறது. அதை நம்பிக் கணக்கிடும் வாசகனுக்கு வேறு விடை வருகிறது.

வரையறையற்ற புள்ளிகளை விலக்கிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுப்பவர்கள் இன்னும் மோசம். பெரும்பாலான புள்ளிகளில் விடையே சொல்லாத சூத்திரம், சொன்ன சிலவற்றின் பலத்தில் முதலிடம் பெற்றுவிடும். எதிர்மறை எண்ணின் குறியை அழித்துவிட்டு மடக்கை காண்பதும், கணக்கெடுப்பில் வருமானம் சொல்லாதவரின் கட்டத்தில் ஊராரின் சராசரியை எழுதுவதும் இதே மனோபாவத்தின் பிள்ளைகள்.

கணினியின் மிதவைப் புள்ளி எண்களுக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 நியதிப்படி, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'இது எண்ணன்று' என இயந்திரமே சாட்சி சொல்கிறது. அச்சாட்சியத்தை ஏற்று, அத்தகைய சூத்திரத்துக்கு முடிவிலி இழப்பை விதித்து ஒதுக்குவதே நேர்மை. அதுவும் போதாது. பயிற்சிப் புள்ளிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் பூஜ்யத்தை இழப்புச் சார்பு காணாது. உள்ளீட்டின் வீச்சு முழுவதையும் இடைவெளிக் கணிதத்தால் சோதிக்கும் வழியை மார்ட்டன் கெய்சர் 2003இலேயே காட்டிவிட்டார். அதன் பிறகும், பூஜ்யத்தால் வகுத்ததை ஒன்றாக்கிய ஒருவர் பாதகமில்லை என்று எழுதுகிறார், பரிசீலித்தவர்களும் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.